நுனிக்குருத்தைத் தொடாதீர்கள்

மன்னார்குடியில், பாமணி ஆற்றுக்குப் பக்கத்தில், இருபது வருஷத்துக்கு மேலாக நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறேன். கார்த்திகை பிறந்துவிட்டால் பண்ணை வாசலில் தினமும் கேட்கிற குரல், "அண்ணே, கிறிஸ்துமஸ் மரம் வந்துடுச்சா?" என்பதுதான். கிறிஸ்தவக் குடும்பங்கள் மட்டும் இல்லை. புது வீடு கட்டி, வாசலில் இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று வைக்க ஆசைப்படுகிற எல்லோரும் கேட்கிறார்கள். சிலர் பைன் மரம் என்பார்கள். பண்ணைக்காரர்கள் நாங்கள் அரக்கேரியா என்போம். அந்த மரத்தைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாம் வாங்குவது உண்மையான பைன் இல்லை. கொடைக்கானல் போனவர்கள் பைன் காட்டுக்குள் நடந்திருப்பீர்கள். அங்கே தரையில் கிடக்கிற ஊசி இலையை எடுத்துப் பாருங்கள். தனி ஊசியாக இருக்காது. இரண்டு, மூன்று அல்லது ஐந்து ஊசிகள் அடியில் ஒரு சின்ன உறைக்குள் சேர்ந்திருக்கும். அப்படிக் கொத்தாக இருந்தால் அது பைன். நம் தொட்டி மரத்தில் கொத்து கிடையாது; கிளையைச் சுற்றிச் சின்னச் சின்ன இலைகள் கயிறு முறுக்கினது போல நெருங்கி இருக்கும்.

எங்கள் பக்கத்து டீச்சர் அக்கா ஒருவர் கொடைக்கானலிலிருந்து ஒரு பைன் காயைக் கொண்டுவந்து அலமாரியில் வைத்திருந்தார். சித்திரை, வைகாசியில் அதன் செதில்கள் பூப்போல விரிந்து நிற்கும். ஐப்பசி அடைமழையில் பார்த்தால் மொட்டு மாதிரி மூடிக்கொண்டுவிடும். "உயிர் இருக்குமோ தம்பி?" என்று என்னிடம் கொண்டுவந்து காட்டினார். உயிர் இல்லை. செதிலின் வெளிப்பக்கம் ஈரத்தில் அதிகமாக உப்பும், உட்பக்கம் அவ்வளவு உப்பாது. அதனால் ஈரம் பட்டால் உள்ளே வளைகிறது, காய்ந்தால் வெளியே விரிகிறது. விதை பறக்க உலர்ந்த காற்று வேண்டும் என்பதற்காக மரம் செய்துவைத்த ஏற்பாடு, காய் உதிர்ந்து பல வருஷம் ஆன பிறகும் வேலை செய்கிறது. வீட்டில் பைன் காய் இருந்தால் ஒரு சொம்புத் தண்ணீரில் போட்டுவிட்டு ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

அந்த விதையை இங்கே முளைக்கவைக்கலாமா என்றும் அக்கா கேட்டார். முளைக்கும். ஆனால் பைன் வேருக்குக் கூட்டாளியாக மண்ணில் ஒரு பூஞ்சை வேண்டும். வேரைச் சுற்றி உறைபோலப் படர்ந்து, மண்ணிலிருக்கும் சத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு மரத்திடம் சர்க்கரை வாங்கிக்கொள்ளும் பூஞ்சை அது. அது இல்லாத நாடுகளில் முதலில் பைன் நட்டவர்கள் நாற்று மஞ்சளாகிச் சாவதைப் பார்த்திருக்கிறார்கள். பழைய பைன் காட்டு மண்ணைக் கொண்டுபோய்க் கலந்த பிறகுதான் பிழைத்தன. நம் களிமண்ணிலும் நம் வெயிலிலும் அந்தப் பாடு வேண்டாம் என்பது என் கருத்து. அரக்கேரியா இருக்கிறது.

இதன் சொந்த ஊர் பசிபிக் பெருங்கடல். 1774இல் கேப்டன் குக் நியூ கலிடோனியா தீவுப் பக்கம் கப்பலில் போனபோது தூரத்தில் நெட்டு நெட்டாக எதுவோ தெரிந்திருக்கிறது. மரமா, கல்தூணா என்று கப்பலுக்குள்ளேயே வாக்குவாதம். படித்த விஞ்ஞானிகள் கல்தூண் என்று சாதித்தார்கள். கிட்டே போனால் மரம். அது குக் பைன். அதே வருஷம் அக்டோபரில் பார்த்தது நார்ஃபோக் தீவு. அங்கே இருந்தது நார்ஃபோக் பைன். நர்சரிகளில் இரண்டும் வரும். சின்னச் செடியாக இருக்கும்போது பிரித்துச் சொல்வது எங்களுக்கே கஷ்டம். நார்ஃபோக் தீவில் 200 அடி உயர மரங்கள் உண்டு. நம் ராஜகோபாலசுவாமி கோயில் ராஜகோபுரம் 154 அடி என்பார்கள். கீழவாசலில் நின்று அண்ணாந்து பார்த்தவர்களுக்கு 200 அடி எவ்வளவு என்று புரியும்.

அயல்நாட்டு மரம்தானே என்பவர்களுக்கு ஒரு தகவல். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கல்லாகிப்போன ஒரு மரம் கிடக்கிறது. 18 மீட்டர் நீளம். 1940இல் புவியியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டுபிடித்தது. சுமார் 12 கோடி ஆண்டு வயது, பைனும் அரக்கேரியாவும் சேர்ந்த ஊசியிலைக் கூட்டத்து மரம். பூக்கிற மரங்கள் இந்தப் பக்கம் பரவுவதற்கு முன்னால் இங்கே நின்றது. திருச்சியிலிருந்து அரை நாளில் போய்வந்துவிடலாம். நான் இரண்டு முறை போய்த் தொட்டுப் பார்த்தேன்.

சரி, அரக்கேரியாவின் அழகு எங்கே இருக்கிறது? அடுக்கில். தண்டில் ஒரே மட்டத்தில் நாலைந்து கிளை சுற்றிப் புறப்படும். பிறகு ஒரு முழம் வெறும் தண்டு. மறுபடி ஒரு சுற்று. மேலேயிருந்து பார்த்தால் நட்சத்திரக் கோலம். இந்த அடுக்கு முழுவதையும் போடுவது உச்சியில் நிற்கும் ஒரே ஒரு குருத்து. சுண்டுவிரல் தடிமன்கூட இருக்காது, இளம்பச்சையாக, தொட்டால் பஞ்சு மாதிரி இருக்கும். மரத்துக்கு மேல் எங்கே, பக்கம் எங்கே என்று தெரிந்திருப்பது அதற்கு மட்டும்தான்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பண்ணை தொடங்கிய புதிதில், செடி வாங்கக் காசு கம்மியாக இருந்த காலத்தில், ஒரு பெரிய மரத்தின் பக்கக் கிளைகளை வெட்டித் தொட்டியில் நட்டேன். இரண்டு வேர் பிடித்தன. சந்தோஷப்பட்டேன். வருஷம் ஒன்று, இரண்டு, மூன்று ஆயிற்று. இரண்டும் நிமிரவே இல்லை. குச்சி நட்டுக் கட்டினேன். கட்டை அவிழ்த்ததும் நுனி மறுபடி பக்கவாட்டில் போயிற்று. பக்கக் கிளை தொட்டிக்கு வந்து, வேர் விட்டு, தனி மரமான பிறகும் தன்னைக் கிளை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறது. அதில் ஒன்று இன்னும் பண்ணையில் தரையோடு படர்ந்து கிடக்கிறது, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறேன். நேராக நிற்கும் செடி வேண்டுமென்றால் விதையிலிருந்து வர வேண்டும், இல்லை உச்சிக் குருத்திலிருந்து வர வேண்டும்.

அதனால்தான் உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். செடி உயரமாகிறதே என்று நுனியைக் கிள்ளாதீர்கள். நட்சத்திரம் கட்டுகிறோம் என்று உச்சியில் பாரம் ஏற்றாதீர்கள். மின்கம்பிக்குக் கீழே நடாதீர்கள். ஒருநாள் யாராவது வந்து உச்சியை வெட்டித்தான் தீருவார்கள்.

2018 நவம்பர் 16, கஜா புயல். அந்த விடியற்காலையை இந்தப் பக்கத்து நேயர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. எங்கள் தெருவில் ஒரு பாட்டியம்மா, பேரன் பிறந்த வருஷம் நட்ட அரக்கேரியா இருபதடி வளர்ந்து நின்றது. மரம் சாயவில்லை. ஆனால் பக்கத்துத் தென்னை விழுந்து உச்சியை ஒரு முழம் ஒடித்துவிட்டது. சுற்றிலும் எத்தனை தென்னை போய்விட்டது, குடும்பங்கள் பிழைப்பு இழந்து நிற்கின்றன, இந்த நேரத்தில் ஒரு அழகு மரத்துக்காக ஆள் கூப்பிடலாமா என்று பாட்டியம்மா தயங்கித் தயங்கி, பத்து நாள் கழித்துத்தான் சொல்லி அனுப்பினார். "அது போயிடுச்சா தம்பி, நேராச் சொல்லிடு."

போகவில்லை. ஒடிந்த இடத்தைக் கூர்மையான கத்தியால் சாய்வாகச் சீவி, தண்ணீர் தேங்காமல் செய்துவிட்டு வந்தேன். பக்கக் கிளைகள் எதுவும் எழுந்து உச்சியாகவில்லை. அவை அவற்றின் வழியிலேயே இருந்தன. ஆனால் தண்டிலேயே, இலை இடுக்கில் உறங்கிக்கிடந்த மொட்டுகள் மாசி மாதம் விழித்தன. மூன்று குருத்து, மூன்றும் நேர் மேலே. மூன்றையும் விட்டால் மரம் சூலாயுதமாகிவிடும். கொஞ்ச நாள் விட்டுப் பார்த்து, தடிமனான ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் நீக்கினேன். இருந்ததை ஒரு மூங்கில் பிளாச்சில் வாழைநாரால் தளர்வாகக் கட்டினேன். பாட்டியம்மா இரண்டு நாளைக்கு ஒருதரம் மாடிக்குப் போய் நார் இறுகுகிறதா என்று பார்த்துக்கொண்டார். இப்போது கீழேயிருந்து பார்த்தால் தண்டில் ஒரு சின்ன வளைவு தெரியும். அதற்கு மேல் ஏழு அடுக்கு இருக்கிறது.

நேரம் ஓடிவிட்டது. மண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நம் ஊரில் இந்த மரம் காய்ந்து செத்ததைவிட நீர் கோத்துச் செத்ததுதான் அதிகம். நெல்லுக்குத் தெய்வம் போன்ற களிமண் இதற்கு ஆகாது. ஆகவே குழி தோண்டி நடாமல், ஒன்றரை அடி மேடு கட்டி, செம்மண்ணும் மணலும் மக்கிய எருவும் கலந்து நடுங்கள். தொட்டியானால் அடித்துளை அடைபடாமல் பாருங்கள், கீழே இரண்டு செங்கல் வையுங்கள். விரலை இரண்டு கணு மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, ஈரம் இல்லாவிட்டால் மட்டும் தண்ணீர். அடிக்கிளை தொய்ந்து பழுப்பானால் தாகம் என்று நினைத்து மேலும் ஊற்றாதீர்கள். வேர் அழுகலாகவும் இருக்கலாம். விழுந்த அடிக்கிளை திரும்ப வராது. நர்சரியில் நிழல்வலைக்குள் வளர்ந்த செடியை அக்கினி நட்சத்திரத்தில் கொண்டுபோய் மொட்டை மாடியில் வைத்தால் ஒரே வாரத்தில் கருகும். காலை வெயிலில் பழக்குங்கள். கோடையில் சிலந்திப் பேன் வரும், இலைக்கு அடியில் நன்றாகத் தண்ணீர் பீய்ச்சினாலே பெரும்பாலும் போய்விடும்.

கடைசியாக, மரம் தெற்கே சாய்கிறது என்று பயந்துகொண்டு வருகிறவர்களுக்காக ஒன்று. குக் பைனின் குணம் அது. 2017இல் ஆராய்ச்சியாளர்கள் ஐந்து கண்டங்களில் 256 மரங்களை அளந்து பார்த்தார்கள். வடக்கு நாடுகளில் இருப்பவை தெற்கே, தெற்கு நாடுகளில் இருப்பவை வடக்கே, பூமியின் நடுக்கோட்டைப் பார்த்துச் சாய்ந்திருந்தன. தரையில் நிற்கும் மரம் கொஞ்சம் தெற்கே பார்த்தால் முட்டுக் கொடுக்க வேண்டாம். தொட்டிச் செடி ஜன்னலைப் பார்த்துச் சாய்வது வேறு, அது வெளிச்சத்துக்காக. அதற்கு வாரம் ஒருமுறை தொட்டியைக் கால்வாசி திருப்பிவிட்டால் போதும்.

ஐப்பசி மழை வருவதற்குள் உங்கள் வீட்டுத் தொட்டிகளின் அடித்துளையை ஒரு குச்சியால் குத்திப் பார்ப்பீர்கள் என்று நம்புகிறேன். மாசியில் உங்கள் மரம் புது அடுக்கு விட்டிருந்தால், மன்னார்குடிப் பக்கம் வரும்போது பண்ணைக்கு வந்து சொல்லுங்கள். அந்தப் படுத்துக்கிடக்கும் மரத்தையும் பார்த்துவிட்டுப் போகலாம்.