அண்டை அயலாரும் அபாய மணியும்

இங்கிலாந்தில் மருத்துவம் தேசிய சுகாதாரச் சேவையின் வழியே பெரும்பாலும் கட்டணமின்றிக் கிடைத்தாலும், முதியோருக்கும் உடல் இயலாதோருக்கும் குளிக்கவும் உடுக்கவும் உண்ணவும் துணைநிற்கும் சமூகப் பராமரிப்பு உள்ளாட்சி மன்றங்களின் பொறுப்பிலேயே இருக்கிறது. அதிலும் 23,250 பவுண்டுக்கு மேல் சொத்துடையவர் பொதுவாகத் தம் செலவைத் தாமே ஏற்க வேண்டும். தேவை முற்றிய பின் உதவுவதோடு, அது முற்றாமல் தடுப்பதையும் அம்மன்றங்களின் கடமையாக்கியது 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டம்.

டார்பி, தராக் போன்ற ஊர்கள் இதற்குக் கைக்கொண்ட வழி, 1988இல் மேற்கு ஆஸ்திரேலியாவில் தோன்றிய வட்டார ஒருங்கிணைப்பு முறையாகும். ஒரு குடியிருப்புப் பகுதிக்கென அமர்த்தப்படும் ஒருங்கிணைப்பாளர், எத்தகைய வாழ்வை விரும்புகிறார் என்று ஒருவரிடம் முதலில் கேட்டறிந்து, அண்டை அயலாரோடும் உள்ளூர்க் குழுக்களோடும் அவரை இணைத்து, அவை போதாதபோதே அரசுச் சேவையை நாடுகிறார். மன்றங்களின் பணத்தட்டுப்பாட்டை மறைக்கும் திரையாக இம்முறை மாறிவிடக்கூடும் என்ற ஐயமும் நியாயமானதே.

தேவை முற்றாமல் தடுக்க உதவும் மற்றொரு வழியான மின்னணுக் கருவிகளின் நிலை வேறு. கழுத்தில் அணிந்த பொத்தானை அழுத்தியவுடன் தொலைபேசி வழியே கண்காணிப்பு மையத்தை அழைக்கும் தொலைப்பராமரிப்பு ஏற்பாட்டைப் பிரித்தானியாவில் ஏறத்தாழ 18 லட்சம் பேர் நம்பியுள்ளனர். தொலைபேசி நிலையத்திலிருந்தே மின்சாரம் பெற்றுவந்த பழைய இணைப்புகள் 2027 ஜனவரிக்குள் நிறுத்தப்படவிருக்கின்றன. அவற்றுக்கு மாற்றான இணையவழி இணைப்போ, வீட்டில் மின்சாரம் நின்றால், மாற்று மின்கலம் இல்லாதபோது செயலற்றுப்போகும். எந்தெந்த வீட்டில் இக்கருவி உள்ளது என்பதைத் தொலைபேசி நிறுவனங்கள் முழுமையாக அறியாமையால், பயனாளர் விவரங்களை அவற்றோடு பகிர்ந்துகொள்ளுமாறு உள்ளாட்சி மன்றங்கள் கேட்டுக்கொள்ளப்பட்டுள்ளன.