சிறு திருத்தமும் பெரு விளைவும்
(நமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)

  

ஸ்தல ஸ்தாபனச் சட்டங்களுக்கு அவ்வப்போது செய்யப்படும் சிறு திருத்தங்களைப் பற்றிப் பேசுமாறு நாம் பணிக்கப்பட்டோம். விஷயம் சுவையற்றதென்று சிலர் எண்ணலாம். இன்ன ஷரத்தில் இன்ன சொல்லை நீக்கி இன்ன சொல்லைச் சேர்க்க வேண்டும் என்று சொல்லி முடியும் ஒரு மசோதாவை யார்தான் ஆவலோடு படிப்பர்? ஆயினும் கிராமத்தாரின் உரிமை பல சமயங்களில் அச்சிறு சொற்களிலேயே தங்கியிருக்கின்றது.

முதலில் நன்மையைச் சொல்வோம். 1994-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு ஸ்தானங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. 2016-இல் வந்த ஒரு திருத்தம் அதனைப் பாதியாக்கிற்று. மாறியவை சில சொற்களே. அவற்றின் பயனாக ஆயிரக்கணக்கான பெண்மணிகள் ஊராட்சி மன்றங்களில் அமர்ந்தனர்.

இனி மறுபுறத்தையும் காண்போம். 2016 அக்டோபரில் நடக்கவிருந்த ஸ்தல ஸ்தாபனத் தேர்தலின் அறிவிப்பைச் சென்னை ஹைகோர்ட்டு ரத்து செய்தது. அம்மாதமே மன்றங்களின் பதவிக்காலமும் முடிந்தது. நிர்வாகம் தனி அதிகாரிகள் கைக்குச் சென்றது. அவர்களுடைய காலம் திருத்தச் சட்டங்களால் சிறிது சிறிதாக நீண்டுகொண்டே சென்றது. ஒவ்வொரு திருத்தத்திலும் மாறியது கால அளவு ஒன்றே. ஆகையால் அதனைக் கவனித்தவரும் சிலரே.

இதனிடையே 2019-இல் வேலூர், விழுப்புரம், காஞ்சிபுரம், திருநெல்வேலி ஆகிய நான்கு ஜில்லாக்கள் பிரிக்கப்பட்டு ஒன்பதாயின. ராணிப்பேட்டை, திருப்பத்தூர், கள்ளக்குறிச்சி, செங்கல்பட்டு, தென்காசி என்னும் ஐந்தும் புதியவை. ஜில்லா தங்கள் அருகில் வந்ததென்று ஜனங்கள் மகிழ்ந்தனர், மகிழ்ந்தது நியாயமே. ஆனால் ஜில்லா பிரிந்தால் ஜில்லா ஊராட்சியும் பிரிய வேண்டும். வார்டுகளின் எல்லை புதிதாக வரையப்பட வேண்டும். ஒதுக்கீடு மீண்டும் கணக்கிடப்பட வேண்டும். இவ்வேலை முடியாமையால், 2019 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு அவ்வொன்பது ஜில்லாக்களில் மட்டும் தேர்தலைத் தள்ளி வைத்தது. மற்ற 27 ஜில்லாக்களின் கிராமப் பகுதிகளில் அம்மாதமே தேர்தல் நடந்தது. ஒன்பது ஜில்லாக்களிலோ 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில்தான் நடந்தது.

கணக்கிட்டுப் பாருங்கள். 2016 அக்டோபர் முதல் 2021 அக்டோபர் வரை ஐந்து வருஷங்கள்! ஒரு முழுப் பதவிக்காலம் அக்கிராமத்தார் தாமே தெரிந்தெடுத்த தலைவரின்றி இருந்தனர். தெருவிளக்கு எரியாவிடினும், குடிநீர் வராவிடினும், ஓட்டுக் கேட்டு வந்தவரைக் கண்டித்துக் கேட்கும் உரிமை அவர்களுக்கு இல்லாமற் போயிற்று. வார்டு எல்லை ஒரு வரைகோடுதான். அது உரிய காலத்தில் வரையப்படாமையால் வந்த நஷ்டம் இத்தகையது.

புனரமைப்புச் சட்டங்கள் கூடாவென்று நாம் சொல்லவில்லை. ஊர் வளர்ந்தால் எல்லையும் மாறத்தான் வேண்டும். ஆனால் எல்லையை மாற்றும்போதே, பழைய மன்றத்தின் சொத்தும் கடனும் யாரைச் சேரும், வரிபாக்கியை யார் வசூலிப்பர், சிப்பந்திகள் எங்கே செல்வர், அடுத்த தேர்தல் எப்போது என்னும் நான்கிற்கும் சட்டத்தில் விடை இருத்தல் வேண்டும். விடை இல்லாத இடத்தைக் கண்டு, காலத்தில் திருத்தம் கோருவது நமது கடமை.

நம்மவரிடமும் ஒரு குறை உண்டு. வார்டு வரைவு வெளியாகும்போது, நம் ஜாதியார் வீடுகள் ஒரே வார்டில் விழுந்தனவா என்று மட்டுமே பார்க்கிறோம். நம் தெருவுக்கு வார்டு கிடைத்தும் ஊருக்கு மன்றமே இல்லையாயின் யாது பயன்? ஊர் முழுவதற்கும் எது நியாயமோ அதையே ஆட்சேபமாக எழுதித் தருவோம்.

ஆதலின் ஒவ்வொரு கிளைச் சங்கத்திலும் சட்டம் படிக்கத் தெரிந்த ஓர் இளைஞரையும் ஒரு பெண்மணியையும் நியமித்து, அரசாங்க அறிவிப்புகளைப் படித்து மாதந்தோறும் கூட்டத்தில் எடுத்துச் சொல்லச் செய்ய வேண்டுமென்று பிரார்த்திக்கிறோம்.