சுவரில் ஓர் ஓவியம், அதற்குள் ஓர் ஒளியுணரி

நம் நாட்டில் தொலைக்காட்சி முதன்முதலாகத் தில்லியில், 1959ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் தேதி, பரீட்சார்த்தமாகத் தொடங்கப்பெற்றது. சென்னைக்கு அது வந்து சேர 1975 ஆயிற்று. ஆகவே இந்தச் சாதனத்தோடு நெடுங்காலப் பழக்கம் உள்ளவர்கள் என்று தில்லித் தமிழர்கள் சற்றுப் பெருமை கொள்ளலாம். ஆனால் பழகிய சாதனமும் புது வேஷம் கட்டிக்கொண்டு வரும்போது நம்மைத் திகைக்க வைத்துவிடுகிறது. இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அப்படிப்பட்ட ஒரு புது வேஷத்தைப் பற்றியதே.

தொலைக்காட்சிப் பெட்டி என்று பழக்கத்தினால் சொல்கிறோம். இப்போது அது பெட்டியன்று, பலகை. நிகழ்ச்சி ஓடாத வேளைகளில் அந்தப் பலகை கூடத்துச் சுவரில் கன்னங்கரேலென்று நிற்பதைச் சகியாதவர்களுக்காக, 2017 முதல் ஒருவகைத் தொலைக்காட்சி விற்பனைக்கு வந்திருக்கிறது. மரச்சட்டம் இட்டாற்போன்ற விளிம்பு. நிகழ்ச்சியை நிறுத்தியதும் திரையில் ஓர் ஓவியமோ புகைப்படமோ தோன்றி நிலைத்து நிற்கும். பார்ப்பவர் கண்ணுக்கு அது திரை என்று தெரியாமல், தாளிலோ துணியிலோ தீட்டிய படம் போலத் தோன்ற வேண்டும் என்பதே நோக்கம்.

இந்தப் பாவனைக்கு வேண்டிய முதற்பொருள் ஒளி அடக்கம். நூறு லக்ஸ் வெளிச்சமுள்ள ஓர் அறையில், மாலை விளக்குகள் எரியும் சாதாரணக் கூடம் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு வெள்ளைத் தாளைச் சுவரில் ஒட்டினால் அது நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்பும் ஒளி சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 25 காண்டெலாதான். தொலைக்காட்சித் திரையோ முழு வேகத்தில் 300 காண்டெலாவுக்கு மேல் வீசவல்லது. பன்னிரண்டு பங்கு! ஓவியம் அப்போது ஓவியமாக இராது. சுவரில் திறந்து வைத்த ஜன்னலாக இருக்கும். ஆதலால் அறையின் வெளிச்சத்தை அளந்து பார்த்து, அதற்கேற்பத் திரையின் ஒளியைக் கூட்டவும் குறைக்கவும் ஓர் ஒளியுணரியைச் சட்டத்தின் விளிம்பில், பெரும்பாலும் கீழ்ப்புறத்தில், பொருத்தியிருக்கிறார்கள். கடைக்காரர்கள் இதைச் சென்சார் என்பார்கள். மிளகளவுதான் இருக்கும், தேடிப் பார்த்தால்தான் கண்ணுக்குத் தட்டுப்படும். சில தொலைக்காட்சிகளில் இதற்குத் துணையாக நடமாட்டத்தை அறியும் உணரி ஒன்றும் உண்டு. அறையில் ஆள் இல்லை என்று கண்டால் படத்தை அணைத்து மின்சாரத்தை மிச்சப்படுத்துவது அதன் வேலை.

ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். அது எங்கே இடறியது என்பதற்கு நான் நேரில் கண்ட ஒரு வீட்டைச் சொல்கிறேன்.

மயூர் விஹாரில் என் நண்பர் ஒருவர் முப்பது ஆண்டுகளாகக் குடியிருக்கிறார். கும்பகோணத்தில் இருந்த பூர்வீக வீட்டை விற்றபோது, எண்பத்து மூன்று வயதான அவருடைய அன்னையார் தில்லிக்கு வந்து சேர்ந்தார். அந்த வீட்டுப் பூஜையறையில் தஞ்சாவூர் ஓவியம் ஒன்று இருந்தது. பலாப்பலகையில் தங்க ரேக்கு ஒட்டிய நவநீத கிருஷ்ணன். பாகப்பிரிவினையில் அது மூத்த மகன் வீட்டுக்குப் போய்விட்டது. அந்த அம்மையார் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. இளையவராகிய என் நண்பர் அதை நன்றாகப் புகைப்படம் எடுத்து வந்து, தாம் புதிதாக வாங்கியிருந்த இத்தகைய தொலைக்காட்சியில் ஏற்றி வைத்தார். பகலெல்லாம் கிருஷ்ணன் வெண்ணெயும் கையுமாகக் கூடத்தில் வீற்றிருந்தான். தாயாருக்கும் மகிழ்ச்சியே.

மார்கழி பிறந்தது. தில்லி மார்கழியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மூடுபனி, மாலை ஐந்தரைக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். அம்மையார் விளக்கேற்றும் நேரம் வந்ததும் படம் மங்கிவிடுகிறது. வெள்ளிக்கிழமைகளில் அறவே இருண்டுவிடுகிறது. "விளக்கு வெக்கற நேரத்துலதான்டா சாமி மொகம் தெரியமாட்டேங்குது. கண்ணை மூடிண்டு ஜபம் பண்ணிட்டுத் தொறந்தா சாமியே இல்லை" என்றார். ஊரை விட்டு வந்ததனால் நேர்ந்த குறை என்று அவர் மனத்தில் ஓர் எண்ணம் வேரூன்றிவிட்டது. மகனிடம் அதை அவர் சொல்லவில்லை. என் மனைவியிடம் சொன்னார்.

பழுது பார்க்க வந்தவர் ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு, உள்ளே இருக்கும் 'போர்டை' மாற்ற வேண்டும் என்று ஒரு பெருந்தொகை கேட்டாராம். நண்பர் என்னைக் கூப்பிட்டார். எனக்கு மின்னணுச் சாஸ்திரத்தில் பட்டம் கிடையாது. ஆனால் பொறுமை உண்டு. இந்த விஷயத்தில் பொறுமையே பாதி வைத்தியம்.

முதலில் ஒரு கைவிளக்கை எடுத்து ஒளியுணரிக்கு நேரே பிடித்தேன். அரை நிமிஷத்துக்குள் படம் மெல்லப் பிரகாசம் அடைந்தது. கையால் மூடினேன், மெல்ல மங்கிற்று. ஆகவே உணரியும் நன்றாக இருக்கிறது, அதன் சொல்லைக் கேட்கும் உள்ளமைப்பும் நன்றாக இருக்கிறது, பலகையை மாற்ற யாதொரு முகாந்திரமும் இல்லை என்பது தெளிவாயிற்று. இந்தச் சோதனையைச் செய்யும்போது அவசரப்படலாகாது. மேகம் ஒன்று கடந்து போனதற்கெல்லாம் படம் துள்ளக் கூடாது என்பதற்காக, வேண்டுமென்றே நிதானமாக மாறும்படி இதை அமைத்திருக்கிறார்கள்.

அடுத்தபடியாக வேறொரு படத்தை, வெண்மை மிகுந்த ஒன்றை, ஏற்றிப் பார்த்தேன். அதுவும் மாலையில் அவ்வாறே மங்கியது. கிருஷ்ணன் மட்டும் மங்கி, மற்றது மங்காதிருந்தால் குற்றம் புகைப்படத்திலோ, நிறங்களைத் திருத்தும் அமைப்பிலோ இருக்கும். அப்படி இல்லை.

நண்பர் ஏற்கெனவே ஒளியளவைக் கூட்டிப் பார்த்ததாகச் சொன்னார். அவர் கூட்டியது நிகழ்ச்சி பார்க்கும்போது உள்ள ஒளியளவை. ஓவிய நிலைக்கு ஒளியளவு வேறு, நிகழ்ச்சி நிலைக்கு வேறு. ஒன்றைக் கூட்டினால் மற்றது அசையாது. ஓவியம் திரையில் நிற்கும்போதே அதற்குரிய பட்டியலைத் திறந்து மாற்ற வேண்டும். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். மின்சாரச் சிக்கனப் பகுதியில் சுற்றுவெளிச்சத்துக்கேற்ப ஒளியை மாற்றுவதற்கென்று ஒரு தெரிவு உண்டு. சில தொலைக்காட்சிகளில் அதனருகே, எவ்வளவு இருட்டினாலும் இதற்குக் கீழே ஒளி இறங்கக் கூடாது என்று ஓர் எல்லை குறிக்கவும் இடம் உண்டு. அந்த எல்லை அடிமட்டத்தில் கிடந்தது. கண்புரை அறுவை செய்துகொண்ட முதியவர் ஒருவர் பன்னிரண்டடி தூரத்தில் அமர்ந்து பார்க்கும் படத்துக்கு அது போதாது. சற்று உயர்த்தினேன்.

வெள்ளிக்கிழமைக்கு என்ன காரணம்? அன்று மாலை நானே போய் உட்கார்ந்து பார்த்தேன். அம்மையார் சாமந்திச் சரத்தைச் சட்டத்தின் மேல் முனைகளில் மாட்டினார். சரம் வளைந்து தொங்கி, அதன் நடுப்பகுதி சரியாக ஒளியுணரியின் முகத்தை மூடிற்று! அறை முழுதும் நள்ளிரவு என்று தொலைக்காட்சி முடிவு கட்டிவிட்டது. இருட்டினால் படத்தை அணைத்துவிடும் இரவு ஏற்பாடும் இயக்கத்தில் இருந்தது; படம் அணைந்தே போயிற்று. சரத்தைக் குட்டையாக்கி மேல் விளிம்போடு நிறுத்தச் சொன்னேன். இரவு ஏற்பாட்டையும் நீக்கினேன். வெளியில் செய்வித்த மரச்சட்டங்களை வாங்கி மாட்டுகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். உணரி இருக்கும் இடத்தைச் சட்டம் மறைத்துவிட்டால் இதே கதிதான்.

விளக்கும் ஒரு குழப்பம் செய்துகொண்டிருந்தது. தொலைக்காட்சிக்குக் கீழே இருந்த சிறு பலகையில், உணரிக்கு ஓரடிக்குள், அகல் எரிந்தது. ஒரு சுடர் ஒரு மீட்டர் தூரத்தில் தருவது சுமார் ஒரு லக்ஸ். தூரம் குறையக் குறைய அது இருமடி விகிதத்தில் பெருகும். ஓரடியில் பத்து லக்ஸைத் தாண்டிவிடும். எண்ணெய் குறைந்து சுடர் தாழ்ந்தால் படமும் தாழும்; திரியைத் தூண்டினால் படம் எழும். திரைக்கு அடியில் நெருப்பு வைப்பதே தகாது என்று சொல்லி, அகலைப் பக்கத்தில் ஒரு முக்காலிக்கு மாற்றச் செய்தேன்.

இத்தனையும் செய்தும் ஜபம் முடிந்து கண் திறக்கும்போது படம் இல்லாமற்போவது நிற்கவில்லை. இது என்னை இரண்டு நாள் அலைக்கழித்தது. பிறகுதான் நடமாட்ட உணரியின் நினைவு வந்தது. அது பதினைந்து நிமிஷத்துக்கு வைக்கப்பட்டிருந்தது. அம்மையார் அரைமணி நேரம் ஜபத்தில் அமர்வார். அசைவது விரல்கள் மட்டுமே, அதுவும் புடவைத் தலைப்புக்குள். அறையில் ஆளே இல்லை என்று அந்த யந்திரம் கணக்கிட்டுப் படத்தை அணைத்திருக்கிறது. அவர் வரையில் அந்த அரைமணியில்தான் அவர் முழுமையாக அங்கே இருந்தார். நேரத்தை இரண்டு மணியாக நீட்டி வைத்தேன்.

இறுதியாக, ஒளியளவைச் சரிக்கட்ட ஓர் எளிய வழி சொல்கிறேன். வெள்ளைத் தாள் ஒன்றைத் திரையின் ஓரத்தில் பிடித்து, படத்திலுள்ள வெண்மையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். படம் தாளைவிடப் பளிச்சிட்டால் குறையுங்கள், மங்கியிருந்தால் கூட்டுங்கள். பகலில் ஒருமுறை, விளக்கு வைத்தபின் ஒருமுறை. மஞ்சள் விளக்கின் கீழ் படம் நீலம் பாரித்துத் தோன்றினால் நிறச்சாயலை வெம்மைப் பக்கம் நகர்த்துங்கள். கைவிளக்குச் சோதனைக்குப் படம் சிறிதும் அசையாவிட்டால், சுவரில் உள்ள மின்னிணைப்பை ஐந்து நிமிஷம் நீக்கி மீண்டும் கொடுத்துப் பாருங்கள். அதற்கும் இணங்காவிட்டால்தான் பழுது பார்ப்பவரை அழைக்க வேண்டும். அவரிடமும் முதலில் உணரியைப் பற்றியே கேளுங்கள்.

பொங்கலன்று அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். படம் விளக்கு வெளிச்சத்தில் நிதானமாக நின்றது. அம்மையாரிடம் திருப்திதானா என்று கேட்டேன். "மொகம் நன்னாத் தெரியறது. ஆனா அங்கே நான் எழுந்து நடந்தா ரேக்கு கூடவே மின்னும், இது மின்னலை" என்றார். அவர் சொன்னது உண்மை. தங்க ரேக்கு எதிரே உள்ள சுடரை வாங்கித் திருப்பி எறிவது. பார்ப்பவர் நகர நகர அந்த மினுக்கும் நகரும். திரையில் இருப்பது பொன்னிறம் மட்டுமே, எங்கிருந்து பார்த்தாலும் ஒரே நிறம். அதற்கு எந்தப் பட்டியலிலும் தெரிவு கிடையாது. என் நண்பர் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்த் தம் தமையனாருக்குத் தொலைபேசியில் பேசினார்.