மேலதிகாரிக்குச் சன்மானம்



2024 ஜனவரியிலே நம் நாட்டு வைத்தியர்களின் விசேட கொடுப்பனவை 35,000 ரூபாவால் உயர்த்தத் தீர்மானிக்கப்பட்டது. எங்களுக்கும் அது வேண்டுமென்று 72 சுகாதாரத் தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தம் செய்தன. கிளினிக் கொப்பியுடன் விடியற்காலை பஸ் ஏறிய நோயாளிதான் அலைந்தார்.

"நன்றாக நிருவகிக்கும் மேலதிகாரிக்கு மட்டும் சன்மானம் கொடுத்தாலென்ன?" என்று கேட்பாருமுண்டு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

அமெரிக்காவிலே முன்னாள் படைவீரர்க்கான அரசாங்க வைத்தியசாலைகளில் இதைச் செய்து பார்த்தார்கள். நோயாளி 14 நாளுக்குள் வைத்தியரைக் காணவேண்டும் என்பது இலக்கு. மேலதிகாரியின் சன்மானத்துக்கு அந்தக் கணக்கும் பார்க்கப்பட்டது. 2014இல் பீனிக்ஸ் நகர வைத்தியசாலையைப் பரிசோதித்தார்கள். சராசரிக் காத்திருப்பு 24 நாள் என்றது வைத்தியசாலைக் கணக்கு. 226 பேரை எடுத்துப் பார்த்தபோது அது 115 நாள்! வேறு 1,700 பேரின் பெயர் காத்திருப்போர் பட்டியலில் ஏறவேயில்லை. பணம் பெறுகிறவரின் கந்தோரே கணக்கும் எழுதினால் வேறென்ன நடக்கும்?

சன்மானம் கொடுப்பதானால் கணக்கை வெளியார் எழுதட்டும். வாங்கிலே குந்தியிருக்கும் கிழவியிடம் போய்க் கேட்டு எழுதட்டும்: "ஆச்சி, எத்தனை மணிக்கு வந்தனீங்கள்?"