பள்ளிக்கூடம் திறந்தாச்சு, அம்மா சாப்பிட்டாச்சா?

(மே மாதக் கூட்டமைப்புக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரை)



இன்னும் சில நாளில் பள்ளிக்கூடம் திறக்கப் போகிறார்கள். பை வாங்கியாச்சா, செருப்பு வாங்கியாச்சா, பீஸ் கட்டியாச்சா என்று பிள்ளைகளைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள். உங்களுக்கு ஜூன் மாதம் எப்படிப் போகிறது என்று யாரும் கேட்பதில்லை. அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறோம்.

போன வருடம் ஜூன் இரண்டாவது வாரம் ஒரு குழுக் கூட்டத்தில் நடந்ததைச் சொல்கிறோம். பேரும் ஊரும் வேண்டாம். அந்த அக்கா தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர். சேமிப்புப் பணத்தைக் கொடுக்க எழுந்தவர், அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். முகத்தில் தண்ணீர் தெளித்து, சோடா வாங்கிக் கொடுத்தோம். "காலையில என்னக்கா சாப்பிட்டீங்க?" என்று கேட்டால், "ரெண்டு டீ குடிச்சேன் மேடம்" என்கிறார். நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள் என்றதற்குப் பதிலே இல்லை. பக்கத்து வீட்டு அம்மா சொன்னார்: "பள்ளிக்கூடம் திறந்ததுல இருந்து இப்படித்தான். நாலு மணிக்கு எந்திரிக்கா. ரெண்டு பிள்ளைக்கும் அவருக்கும் டப்பா கட்டணும், தண்ணி பிடிக்கணும், ஏழு மணிக்கு வேன் வந்துரும். இவ எங்க சாப்பிட?"

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனோம். ரத்த அளவு 8 தான் இருந்தது. நம்மைப் போன்ற பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். திரும்பி வரும் வழியில்தான் அழுதுகொண்டே மற்றதைச் சொன்னார். பள்ளிக் கட்டணத்துக்கு 15,000 ரூபாய், 10 ரூபாய் வட்டிக்கு வாங்கியிருக்கிறார். வீட்டுக்காரருக்குத் தெரியாது. ராத்திரி தூக்கமில்லை. குழுவில் ஏன் கேட்கவில்லை என்றோம். "பழைய கடன்ல ரெண்டு தவணை பாக்கி இருக்கே, எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுக் கேக்க?" என்றார்.

இதில் எங்கள் தவறும் இருக்கிறது. மே மாதக் கடைசிக் கூட்டத்துக்கு அவர் வரவில்லை. ஏன் வரவில்லை என்று விசாரிக்காமல், மினிட்ஸ் நோட்டில் 10 ரூபாய் அபராதம் எழுதச் சொன்னது நாங்கள்தான். அன்றைக்கு அவர் கடன் கேட்டு வீடு வீடாக அலைந்துகொண்டிருந்திருக்கிறார். சமூகப்பணி படிக்கும்போது மன அழுத்தம் என்று தனிப் பாடமே படித்தோம். அது ஒரு ஆப்சென்ட் கோடாக நோட்டில் வந்து நிற்கும் என்று எங்களுக்குத் தெரியாமல் போயிற்று.

கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். 15,000 ரூபாய்க்கு 10 ரூபாய் வட்டி என்றால் மாதம் 1,500. பத்து மாதத்தில் வட்டி மட்டுமே 15,000 ஆகிவிடும், அசல் அப்படியே நிற்கும். அதே பணத்தை 1 ரூபாய் வட்டிக்கு உள்கடனாக வாங்கி, மாதம் 1,500 அசலில் கட்டி வந்தால், பத்து மாதத்தில் கடனும் தீரும், மொத்த வட்டியும் 825 ரூபாயோடு போகும். இரண்டு தவணை பாக்கிக்குப் பயந்து அவ்வளவு பணத்தை வெளியே கொடுக்க வேண்டுமா? பாக்கி இருந்தாலும் வந்து சொல்லுங்கள். கொடுக்கலாமா வேண்டாமா, எவ்வளவு கொடுக்கலாம் என்பதைக் குழு உட்கார்ந்து பேசட்டும். அநியாய வட்டி வாங்குவதைத் தடுக்க நம் மாநிலத்தில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. வட்டிக்காரர் மிரட்டினால் ஒளிந்துகொள்ளாமல் எங்களிடம் சொல்லுங்கள்.

பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்பது உங்கள் விருப்பம், அதில் நாங்கள் தலையிடவில்லை. தனியார் பள்ளி என்றால், 2009-ஆம் வருடச் சட்டப்படி கமிட்டி நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் வாங்கக் கூடாது. ரசீது கேளுங்கள். மொத்தமாகக் கட்ட முடியாவிட்டால் தவணை கேளுங்கள். தனியாகப் போனால் வாய் வராது, அதனால் குழுவில் ஒருத்தரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். போன வருடம் இப்படி இரண்டு பேராகப் போய்க் கேட்டவர்களுக்கு மூன்று தவணை கிடைத்தது.

இப்போது சாப்பாட்டு விஷயம். அரசு தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா ஊருக்கும் வந்தது. அதற்குப் பிறகும் சில அம்மாக்கள் விடியற்காலையில் எழுந்து இட்லி அவிப்பதைப் பார்த்தோம். கேட்டால், "ஆக்கிப் போட வக்கில்லையான்னு ஊர்ல பேசுவாங்க மேடம்" என்கிறார்கள். பேசுகிறவர்கள் வந்து மாவாட்டிக் கொடுக்கப் போவதில்லை. பள்ளியில் பிள்ளை சாப்பிடட்டும். மிச்சமாகிற அரை மணி நேரம் நீங்கள் கூடத் தூங்குங்கள், இல்லாவிட்டால் உட்கார்ந்து சாப்பிடுங்கள். டப்பா கட்டும்போது முதல் டப்பா உங்களுக்கு. வேனில் போய்ச் சாப்பிட்டாலும் சரி, கம்மங்கூழ் கரைத்துப் பாட்டிலில் கொண்டுபோனாலும் சரி.

2019-21-இல் எடுத்த தேசிய குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டுப் பெண்கள் 100 பேரில் 53 பேருக்கு ரத்தசோகை இருந்தது. இந்தக் கூட்டத்திலும் பாதிப் பேருக்கு இருக்கலாம். துணை சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். சத்து மாத்திரை கொடுத்தால் டீயோடு சேர்த்துப் போடாதீர்கள், டீ குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் ஒட்டாது. எலுமிச்சைச் சாறு நல்லது, நெல்லிக்காய் இன்னும் நல்லது.

ராத்திரி பன்னிரண்டு மணி வரை நோட்டுக்கு அட்டை போடுவதும் அம்மா வேலையாகவே இருக்கிறது. அப்பாவுக்கும் இரண்டு கை இருக்கிறதே! (சிரிப்பு) சிரிக்காதீர்கள், இன்றைக்குப் போய்ச் சொல்லிப் பாருங்கள். ஆறாவது படிக்கும் பையன் தன் தண்ணீர் பாட்டிலைத் தானே பிடித்துக்கொள்ளலாம்.

தூக்கமே வராமல், அழுகை அழுகையாக வந்து, ஏன்தான் இருக்கிறோமோ என்ற நினைப்பு வந்தால் அதை மறைக்க வேண்டாம். காய்ச்சலைப் போல இதற்கும் வைத்தியம் உண்டு. 14416 என்ற எண்ணுக்கு ராப்பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள்.

அந்த அக்காவின் கடனைக் குழு ஏற்று அடைத்தது. அபராதத்தை அடித்துவிட்டோம். மூன்று மாதம் மாத்திரை போட்டு ரத்தம் 10.5-க்கு வந்தது, இன்னும் ஏற வேண்டும். அவரும் இன்று இங்கே உட்கார்ந்திருக்கிறார்.

ஒரு அறிவிப்பு. ஜூன் முதல் வாரக் குழுக் கூட்டங்களை ஞாயிறு மாலை 4 மணிக்கு மாற்றியிருக்கிறோம். வரவு செலவுக்கு முன்னால், யாருக்குப் பள்ளிச் செலவுக்கு எவ்வளவு தேவை என்று ஒவ்வொருவரையும் கேட்டு நோட்டில் எழுத வேண்டும். வராதவர்கள் வீட்டுக்கு இரண்டு பேர் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், அதுவரை அபராதம் எழுத வேண்டாம். பிள்ளைகளைக் கூட்டி வரலாம், சுண்டல் உண்டு.