விளைவித்த படிகம்

திருவனந்தபுரத்தில் தமிழர் பலர் வாணிகம் செய்யும் சாலைக் கடைத்தெருவில், மின்கலத்தால் ஓடும் கைக்கடிகாரத்தை மலிவாக வாங்குகிறோம். அதனுள் நொடிக்கு 32,768 முறை அதிர்வது குவார்ட்ஸ். நம் முன்னோர் மாலையாகக் கோத்தணிந்த அதே படிகம். ஆனால் இது தோண்டியெடுத்ததன்று, விளைவித்தது.

படிகத்தை அழுத்தினால் மின்சாரம் தோன்றுமென 1880-இல் கியூரி சகோதரர் கண்டனர். மின்சாரத்தால் அது சீராக அதிரும் குணம் பின்னர் வானொலிக்கு உதவிற்று. இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் வானொலிக் கருவிகள் பெரும்பாலும் பிரேசில் நாட்டுப் படிகத்தையே நம்பியிருந்தன. கடல்வழி அடைபட்டால் என் செய்வது?

இத்தாலியரான ஸ்பெட்சியா இந்நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டின் தொடக்கத்திலேயே காட்டிய வழியை, போருக்குப் பின் அமெரிக்கப் பெல் ஆய்வுக்கூடத்தார் செம்மை செய்தனர். தடித்த எஃகுக் கலத்தின் அடியில் படிகச் சில்லுகள், மேலே விதைத் தகடுகள், எங்கும் காரநீர். ஏறத்தாழ 350 பாகை வெப்பத்திலும் பேரழுத்தத்திலும் அடியிற் கரையும் கல், சற்றே குளிர்ந்த மேற்பகுதியில் விதைமீது படிகிறது. இதற்குப் பல வாரங்கள் வேண்டும். விரைவுபடுத்தினால் குறைகள் மலியும்.

தொலைநாட்டுச் சுரங்கத்தை நம்பியிருந்த நிலையை மாற்றியது இப்பொறுமையே. சாலையில் நாம் தரும் சிறுதொகை அதன் பயனையே வாங்குகிறது.