புது கேம், பழைய டேப்பட்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



காலையில் நம்ம ஒர்க் ஷாப் பக்கம் போனேன். மூன்றாமாண்டு மாணவர்கள் ஒரு பழைய இரும்பு என்ஜின் புல்லட்டைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். "அண்ணா, பவர் ஏத்தணும். ரோலர் கேம் போடலாமா, இருக்கிற ஃப்ளாட் டேப்பட்டே போதுமா?" என்று கேட்டார்கள். பதிலை அங்கேயே சொல்லியிருப்பேன். ஆனால் அந்தப் பதிலுக்கு எங்க வீட்டில் ஒரு விலை கொடுத்திருக்கிறோம். அதையும் சேர்த்துச் சொன்னால்தான் மனசில் நிற்கும் என்று மேடைக்குக் கொண்டு வந்துவிட்டேன்.

முதலில் விஷயம். கேம் ஷாஃப்ட் சுற்றும்போது அதன் மேடு டேப்பட்டைத் தூக்குகிறது. டேப்பட் புஷ்ராடையும் ராக்கரையும் தள்ளி வால்வைத் திறக்கிறது. ஃப்ளாட் டேப்பட் கேமின் மேல் உரசிக்கொண்டு போகும். ரோலர் டேப்பட்டின் அடியில் சிறு சக்கரம் இருப்பதால் உருண்டு போகும். உரசல் குறைவு என்பதால் எப்போதும் ரோலர்தான் உசத்தி என்று நினைத்துவிடுகிறோம். அங்கேதான் தப்பு.

ஃப்ளாட் டேப்பட்டுக்கு உள்ள உண்மையான எல்லை அதன் விட்டம். கேம் எவ்வளவு வேகமாகத் தூக்குகிறதோ, அவ்வளவு தூரம் தொடும் புள்ளி நடுவிலிருந்து ஓரத்துக்கு நகரும். 24 மில்லிமீட்டர் டேப்பட் என்றால் நடுவிலிருந்து ஓரம் 12 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால், கேம் ஒரு டிகிரி சுற்றுவதற்குள் சுமார் 0.21 மில்லிமீட்டருக்கு மேல் தூக்க முடியாது. மீறினால் டேப்பட்டின் விளிம்பு கேமைச் சுரண்டும். ரோலருக்கு இந்தச் சுவர் கிடையாது. வால்வை வேகமாகத் திறந்து, அதிக நேரம் விரியத் திறந்தே வைக்கலாம். ஆனால் ரோலர் கனம். அது திரும்பிவிடாமல் பிடிக்க வழிகாட்டி வேணும், பெரும்பாலும் அழுத்தமான ஸ்பிரிங் வேணும், அதற்கென்றே கடைந்த கேமும் வேணும். ஃப்ளாட்டுக்குக் கடைந்த கேமில் ரோலரை வைத்தால் வேலைக்கு ஆகாது.

அமெரிக்காவின் நாஸ்கார் முதன்மைப் பந்தயத்தில் 2014 வரை ஃப்ளாட் டேப்பட்தான் ஓடியது. நிமிஷத்துக்கு 9,000 சுற்றுக்கு மேல், 500 மைல் பந்தயம் முழுக்க! 2015-இல்தான் விதியை மாற்றி ரோலருக்குப் போனார்கள். ஆக, ஃப்ளாட் என்பது சோப்ளாங்கி இல்லை. அதைக் கையாளத் தெரியணும், அவ்வளவுதான்.

இப்போ என் கதைக்கு வர்றேன். அப்பா விழுப்புரத்தில் அம்பாசிடர் டாக்சி ஓட்டினார். 1489 சிசி டீசல், அதுவும் ஃப்ளாட் டேப்பட்தான். 2012-இல் கேம் தேய்ந்து, திண்டிவனத்தில் ஒரு ஷெட்டில் என்ஜினை இறக்கினோம். புது கேம் வாங்கினேன். எட்டு டேப்பட்டும் பளபளவென்று இருந்ததால், காசை மிச்சம் பிடிக்கப் பழசையே போடச் சொன்னேன். மேஸ்திரி தயங்கினார். "தம்பி, இது ரெண்டும் புருஷன் பொண்டாட்டி மாதிரி. ஒண்ணுக்கொண்ணு சேர்ந்து தேய்ஞ்சது. புது கேமுக்குப் புது டேப்பட் போட்டுடுங்க" என்றார். நான் பட்டம் வாங்கின திமிரில், "எனக்குத் தெரியும், போடுங்க மேஸ்திரி" என்றேன். அதோடு விட்டேனா? பூட்டியதும் அரை மணி நேரம் ஐடிலிலேயே ஓடவிட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மூணே வாரம். ஜி.எஸ்.டி. ரோட்டில், ஒலக்கூர் தாண்டும்போது பிக்கப் செத்துப்போச்சு. பிரித்துப் பார்த்தால் இரண்டு மேடுகள் மழுங்கி வட்டமாகிவிட்டன. இரும்புத் துகள் ஆயிலில் கலந்து பேரிங்கையும் தின்றிருந்தது. வைகாசி முகூர்த்த மாசம் முழுக்க வண்டி ஷெட்டில். அம்மாவின் வளையல் அடகுக் கடையில். அப்பா திட்டவில்லை. "மேஸ்திரி சொன்னாராமே" என்று மட்டும் கேட்டார்.

ஏன் இப்படி ஆச்சு? பல கார் என்ஜின்களில் 'ஃப்ளாட்' டேப்பட்டின் அடி கண்ணுக்குத் தெரியாத அளவு வெளியே குவிந்திருக்கும். கேம் மேடும் லேசான சரிவு. அதனால் டேப்பட் சுழன்றுகொண்டே இருக்கும், தேய்மானம் ஒரே இடத்தில் விழாது. பழைய டேப்பட் உள்வாங்கிக் குழிந்திருக்கும். சுழலாது, புது மேட்டைக் கடித்துத் தின்னும். ஐடிலில் கேமுக்கு ஆயில் தெறிப்பது குறைவு. ஸ்பிரிங் அழுத்தமோ கேமின் உச்சியில் முழுசாக விழும். இரண்டு தப்பையும் நானே செய்தேன்.

தம்பிகளா, உங்க புல்லட்டுக்கு என் பதில்: காலேஜ் வேலைக்கும் ரோட்டுக்கும் ஃப்ளாட்டிலேயே இருங்கள். மிச்சமாகும் பணத்தில் புது கேமுக்குப் புது டேப்பட் வாங்குங்கள். பழைய டேப்பட்டின் அடியில் ஒரு கண்ணாடித் துண்டை வைத்துப் பாருங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் தூக்கிப் போடுங்கள். ஸ்பிரிங்கைத் தேவைக்கு மேல் இறுக்காதீர்கள். காற்றில் குளிரும் என்ஜின், நிற்க வைத்து முறுக்கினால் சூடேறும். ஸ்டார்ட் ஆனதும் ரோட்டில் ஓட்டியே பழக்குங்கள். ஆயிலில் கவனம். 2004-இல் வந்த ஏ.பி.ஐ. எஸ்.எம். தரத்திலிருந்து, கார்களின் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் காக்க, மெல்லிய ஆயில்களில் பாஸ்பரஸை 0.08 சதவீதத்துக்குள் அடக்கிவிட்டார்கள். உரசும் கேமைக் காப்பது அந்தப் பாஸ்பரஸும் துத்தநாகமும் சேர்ந்த சேர்மானம்தான். அதனால் பைக்குக்கென்று உள்ள 20 டபிள்யூ 50 ஊற்றுங்கள். பந்தயத்துக்கென்றே முழு என்ஜினையும் புதிதாகக் கட்டும் நாள் வந்தால், ரோலரை முழு செட்டாக வாங்குங்கள். பாதி அது, பாதி இது என்று மட்டும் வேண்டாம்.

அந்த மேஸ்திரி பள்ளிக்கூடமே தாண்டாதவர். நான் படித்த கணக்கு அவர் கையில் ஏற்கெனவே இருந்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு இரண்டு வருஷம் ஆச்சு. நீங்கள் அவ்வளவு நாள் எடுத்துக்கொள்ள வேண்டாம்.